ஆட்டக்காரன் கண்ணும் அடுக்களைக் கீரையும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் நாள்தோறும் ஒரு காட்சியைக் காணலாம். உடப்பிலோ ஆண்டிமுனையிலோ கரைவலை உலரும் மணற்பரப்பில் இளைஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து உதைபந்தாடுவார்கள். சற்று அப்பால் இரண்டு தென்னைகளுக்கிடையே வலை கட்டிக் கரப்பந்தாட்டம் நடைபெறும். விடியற் புறத்தில் அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுத்த தோள்களே மாலையில் பந்தையும் அடிக்கின்றன. கதிரவன் மேல்கடலில் இறங்கிய பின்னரும் ஆட்டம் ஓய்வதில்லை. பந்து கண்ணுக்குத் தெரியுமட்டும் ஆடிவிட்டே வீடு திரும்புவார்கள்.

பந்து கண்ணுக்குத் தெரியுமட்டும் என்றோம். அது எல்லோருடைய கண்ணுக்கும் ஒரே நேரம்வரை தெரிகிறதா? இக்கேள்வி எமக்குத் தோன்றியதற்கு ஒரு மாணவனே காரணம்.

நாம் கல்லூரியிற் பாடம் நடத்துவதோடு மாலை வேளைகளிற் கரப்பந்தாட்டப் பயிற்சியையும் மேற்பார்த்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது அணியிற் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். உயரமும் உடற்கட்டும் வாய்த்தவன். தகப்பனார் கடற்றொழில் செய்பவர். வெயில் இருக்கும்வரை ஒருவாறு ஆடுவான். பொழுது சாய்ந்ததும் அவன் கைக்கு வரும் பந்து தவறிக்கொண்டேயிருக்கும். "கவனத்தை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று பலர் முன்னிலையிற் கண்டித்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "இவனுக்கு மாலைக்கண், சேர்" என்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மாலைக்கண் உணவுக் குறையால் வருவதென்று நாமும் படித்திருந்தோம். மறுநாளே அவன் வீட்டுக்குச் சென்று, பொன்னாங்கண்ணியும் முருங்கையிலையும் நாள் தவறாமற் கொடுக்கும்படி தாயாரிடம் சொல்லி வந்தோம். அந்த அம்மையார் மூன்று மாதம் அதனை விரதம்போற் கடைப்பிடித்தார். முடிவில் எம்மிடம் வந்து, "சேர், நீங்கள் சொன்ன கீரையை ஒருநாளும் விடவில்லை. பிள்ளைக்கு இன்னும் பந்து தெரியவில்லையாம்" என்றார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அப்பையனுக்கு நேர்ந்தது என்னவென்பதைப் பின்னர்க் கூறுவோம். உணவுக்கும் ஆட்டக்காரனின் கண்ணுக்கும் உள்ள உறவு எத்தகையது, அவ்வுறவு எவ்விடத்தில் முடிகிறது என்பதை முதலில் ஆராய்வோம். இவ்வெல்லையை அறியாத காரணத்தாலேயே நாம் பிழைவிட்டோம்.

கண்ணுக்குள் நடப்பது

எமது விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இரு வகைப்படும். கூம்புகள் எனப்படுபவை ஏறத்தாழ 60 இலட்சம். அவை பகலொளியில் வேலை செய்து நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுபவை. கோல்கள் எனப்படுபவை ஏறத்தாழ 12 கோடி. மங்கிய ஒளியில் எமக்குப் பார்வை தருபவை இவையே. கோல்களில் ரொடொப்சின் என்னும் செவ்வூதா நிறப்பொருள் உண்டு. ஒருவகைப் புரதமும் உயிர்ச்சத்து 'ஏ'யிலிருந்து பெறப்படும் பொருளொன்றும் கூடி இது உண்டாகிறது. ஒளி பட்டவுடன் இது மாற்றமடைந்து நிறமிழக்கிறது. அம்மாற்றமே நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. நிறமிழந்த பொருள் மீண்டும் உருவாக உயிர்ச்சத்து 'ஏ' வேண்டும்.

வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குட் புகுந்தவுடன் ஒன்றுந் தெரியாமல், சிறிது சிறிதாகப் பொருள்கள் புலப்படுவதை யாவரும் அறிவோம். கண் இருளுக்கு முற்றாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் செல்லும். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தவனுக்கு இப்பழக்கம் மிகவும் தாமதிக்கும், அல்லது முழுமையாகக் கைகூடாது. இதுவே மாலைக்கண். பகல் முழுவதும் கடல்மேல் வெயிலைப் பார்த்தவனும், மணலிற் கண் கூச ஆடியவனும் இக்குறையை முந்தி உணர்வார்கள். அவர்களுடைய கண்ணில் நிறப்பொருள் மிகுதியாகச் செலவாகிறது.

இவ்வுயிர்ச்சத்தை அமெரிக்காவின் விஸ்கொன்சினில் மக்கொலமும் மார்கரீட் டேவிஸ் என்னும் பெண்மணியும் 1913இல் வெளிப்படுத்தினார்கள். இது விழித்திரையிலேயே உள்ளதென்பதை 1933இற் கண்டவர் ஜோர்ஜ் வால்ட். பார்வையின் இரசாயனத்தை விளக்கியமைக்காக 1967இல் அவருக்கு வேறிருவருடன் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கடற்றொழிலாளர் கண்ட மருந்து

விஞ்ஞானிகளுக்கு முன்னரே இதன் மருந்தைக் கண்டவர்கள் எளிய மக்கள். வட அத்திலாந்திக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்து மீனவர்களிடையே மாலைக்கண் பரவியிருந்தது. நீரிற் பட்டுத் தெறிக்கும் வெயிலே காரணமென அவர்கள் நம்பினார்கள். ஆயினும் ஈரல் உண்டால் குணமாகுமென்பதையும் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அங்கு சென்று ஆராய்ந்து 1930இல் அதனை எழுதியவர் வாலஸ் எய்க்ரொய்ட் என்னும் மருத்துவர். இவரே 1935இல் நீலகிரியிலுள்ள குன்னூருக்கு வந்து, மக்காரிசன் தொடக்கிவைத்த உணவாராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். கீரை, கிழங்கு, பருப்பு, மீன் என நாம் அன்றாடம் உண்பவற்றில் எச்சத்து எவ்வளவு உண்டென்பதை அளந்து அந்நிலையம் நூலாக வெளியிட்டது. முருங்கையிலையின் பெருமையைப் பாட்டிமார் சொன்னது போய், எண்ணிக்கையாலும் நிறுவப்பட்டது அப்பொழுதுதான்.

எமது இலங்கையும் இவ்வாராய்ச்சியிற் பின்தங்கியிருக்கவில்லை. கொழும்புப் பக்டீரியா ஆய்வு நிலையத்தில் இருந்த லூசியஸ் நிக்கல்ஸ், ஏழை மக்களின் தோலில் தேரையின் முதுகுபோற் சொரசொரப்பு உண்டாவதைக் கவனித்து, அது உணவுச் சத்துக் குறையின் அடையாளமென 1933இல் எழுதினார். அத்தகைய தோலுடையோரிடம் கண் வறட்சியும் சேர்ந்து காணப்படுவதுண்டு.

தமிழகத்தின் மதுரையில் ஜி. வெங்கடசாமி என்னும் கண் மருத்துவர் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நிறுவனத்தைச் சேர்ந்தோர் திருச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 15,000 சிறு பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வின் முடிவு 1990இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு உயிர்ச்சத்து 'ஏ' பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் இத்துணைப் பெரும்பயன் காணப்படவில்லையெனினும், கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கிறதென்பது அதனால் உலகின் கவனத்துக்கு வந்தது.

கடலோரத்தில் ஏன் குறைவு?

மீன் மலிந்த கரையில் இச்சத்துக்குப் பஞ்சம் வருமோ என வாசகர்கள் கேட்கலாம். மீனென்றால் எல்லாம் ஒன்றல்ல. சூரை, அறக்குளா போன்ற பெருமீன்களின் தசையில் உயிர்ச்சத்து 'ஏ' சொற்பம். அது ஈரலிலேயே சேர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கொட் மீனெண்ணெய் வருவது தடைப்பட்டபோது, இந்தியாவிற் சுறா ஈரலெண்ணெய் எடுக்கத் தலைப்பட்டதும் இது பற்றியே. குடல், ஈரல், தலையோடு முழுமையாக உண்ணத்தக்க சிறுமீன்களிலும் இச்சத்து உண்டு. நாமோ நெத்தலியின் தலையைக் கிள்ளிக் குடலையும் எறிந்துவிடுகிறோம். வெயிலிற் காயவைத்த கருவாட்டிலும் இச்சத்து பெரிதும் குறைந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு. கடற்றொழிற் குடும்பத்தில் நல்ல மீன் சந்தைக்குப் போகும். வீட்டுச் சட்டிக்கு எஞ்சியது வரும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இக்கரை மறக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடையாமற் படகுகள் கரையிற் கிடந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஆண்டுக்கு 90 சதவீதத்தையும் கடந்தது. முட்டையும் பாலும் பல வீடுகளில் மறைந்தன. அன்று தாயின் கையைப் பிடித்து நடந்த பிள்ளைகள்தாம் இன்றும் நாளையும் எமது அணிகளுக்கு வரப்போகிறவர்கள்.

பகலாட்டத்துக்கு வேண்டியவை

மங்கிய ஒளியைப் பற்றியே இதுவரை பேசினோம். பகலில் ஆடுபவனுக்கும் உணவு வேண்டும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்பட்ட கிரிக்கெட் பந்து அரை வினாடிக்குள் துடுப்பாட்டக்காரனை அடைந்துவிடுகிறது. அதற்குள் கண் கண்டு, மூளை அறிந்து, கை அசைய வேண்டும்.

விழித்திரையின் நடுவே மஞ்சட் புள்ளி என்றோர் இடம் உண்டு. நேராக உற்றுப் பார்க்கும்போது வேலை செய்வது அதுவே. அதற்கு மஞ்சள் நிறம் தருபவை லூட்டீன், சீசாந்தின் என்னும் பொருள்கள். கண் கூசச் செய்யும் நீலவொளியை இவை ஓரளவு தடுக்கின்றன. உடல் இவற்றைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. கடும்பச்சைக் கீரை, சோளம், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றிலிருந்தே பெறவேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல பார்வையுடைய இளைஞர்களுக்கு இவற்றைச் சில மாதம் கொடுத்துச் சோதித்தபோது, கூச்சத்திலிருந்து கண் மீளுவதிலும் பார்த்ததை விரைந்து அறிவதிலும் சிறிது முன்னேற்றம் தெரிந்தது. சிறிதென்பதை அழுத்திச் சொல்கிறோம். இதனால் எவரும் வீரராகிவிடுவதில்லை.

விழித்திரையின் மென்படலங்களில் ஒமேகா-3 கொழுப்பும் நிறைந்துள்ளது. சாளை, கும்பளா, சூரை ஆகிய எமது கடல்மீன்கள் அதனைத் தாராளமாக வழங்குகின்றன. வெறுவயிற்றோடும் தாகத்தோடும் மைதானத்தில் இறங்குவதும் ஆகாது. குருதியிற் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் கண் மங்கித் தலை சுற்றும். உடலில் நீர் குறைந்தால் கவனம் சிதறும். காலையில் வெறுந் தேநீரோடு பாடசாலைக்கு வந்து மாலையிலும் ஆட நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவோம்.

உணவால் ஆகாதவை

இனி அந்த மாணவனின் கதைக்கு வருவோம். தாயார் சொன்னதைக் கேட்டு வெட்கமுற்ற நாம், அவனைச் சிலாபத்துக்கு அழைத்துச் சென்று கண் வைத்தியரிடம் காட்டினோம். அவர் சில நிமிடங்களிற் காரணத்தைக் கூறிவிட்டார். பையனுக்கு உணவுக் குறையில்லை, கிட்டப்பார்வை. அண்மையிலுள்ளது தெரியும், தொலைவிலுள்ளது மங்கும். பொழுது சாயும்போது கண்மணி விரிவதால் அம்மங்கல் மிகுதிப்படும். அதனையே நாம் மாலைக்கண் என எண்ணியிருந்தோம். கண்ணின் வடிவால் உண்டாகும் இக்குறையை எந்தக் கீரையும் மாற்றாது. அதற்கு வேண்டியது மூக்குக் கண்ணாடி.

மூன்று மாதம் கீரையை நம்பியிருந்தோமே, அதற்குமுன் எத்தனை மாதம் அப்பிள்ளை கரும்பலகையும் தெரியாமல் வகுப்பில் இருந்திருப்பான் என்று எண்ணியபோது எமக்குத் துயரமாயிற்று. அவன் சொல்லவில்லையே என்று குறை கூறுவதற்கும் இடமில்லை. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் தெரியுமென அவன் நினைத்திருந்தான்.

உணவைப் பற்றிய மிகையான நம்பிக்கை புதியதன்று. 1940ஆம் ஆண்டு வாக்கில் பிரித்தானிய விமானிகள் கரட் கிழங்கு தின்றதனாலேயே இருளிற் பகை விமானங்களைக் கண்டு வீழ்த்துகிறார்களென ஒரு கதை பரப்பப்பட்டது. ஜோன் கனிங்ஹாம் என்னும் விமானிக்குப் 'பூனைக்கண்' என்ற பட்டமும் கிடைத்தது. உண்மையில் அவர்களுக்கு உதவியது விமானத்திற் பொருத்தப்பட்ட ராடார்க் கருவி. சத்துக் குறைந்தவனின் குறையைக் கரட் நீக்கும். நிறைந்தவனுக்கு ஆந்தையின் கண்ணைக் கொடுக்காது.

அளவுக்கு மிஞ்சினால் தீங்கும் உண்டு. உயிர்ச்சத்து 'ஏ' ஈரலிற் சேர்ந்து தங்குவது. தென்துருவப் பயணத்தில் உணவின்றி நாய்களின் ஈரலை உண்ட சேவியர் மெர்ட்ஸ் 1913இல் இறந்தமைக்கு, மிகையான உயிர்ச்சத்து 'ஏ' காரணமாயிருக்கலாமெனப் பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதினார்கள். ஆதலால் விளம்பரத்தைப் பார்த்து மாத்திரைகளையும் ஈரலெண்ணெயையும் தாமாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்தல் தகாது. கருவுற்ற தாய்மார் இதில் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். கீரையிலும் பழத்திலும் உள்ள கரோட்டீனை உடல் தனக்கு வேண்டியமட்டுமே உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்வதால் அவ்வச்சம் இல்லை.

மாலைக்கண்ணிலும் உணவால் தீராத வகை உண்டு. குடும்ப வழியாக வந்து விழித்திரையைச் சிறிது சிறிதாக அழிக்கும் நோயின் முதற்குறியும் அதுவே. நெருங்கிய சொந்தத்துள் மணஞ் செய்யும் குடும்பங்களில் அது தோன்ற இடமதிகம். கடல் வெயிலில் உழைப்போரின் கருவிழிமேற் சதை படர்வதும் உணவாலன்று, பெரும்பாலும் சூரியனின் ஊதாக் கடந்த கதிராலாகும். அதற்குத் தொப்பியும் நிறக்கண்ணாடியும் காவல்.

வீட்டாரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

முதலாவது, வேலியில் நிற்பதைச் சட்டியில் ஏற்றுதல். முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, வல்லாரை என்பவற்றுள் ஏதேனுமொன்று நாள்தோறும் வேண்டும். கரோட்டீன் கொழுப்பிற் கரைவது. எனவே வெறும் நீரில் அவித்த கீரையிலும், தேங்காய்ப்பூ இட்ட வறையும் பாலில் ஆக்கிய கறியும் கண்ணுக்கு நன்மை மிகுதியாகத் தரும். தென்னை சூழ்ந்த எமது பகுதியில் இதற்குக் குறைவில்லை. பழுத்த பப்பாசி, மாம்பழம், பூசணி, பனம்பழம் ஆகியவற்றின் மஞ்சளும் செம்மஞ்சளும் இச்சத்தின் நிறமே.

இரண்டாவது, சிறுமீனைத் தாழ்வாக எண்ணாதிருத்தல். சூடையும் சாளையும் ஏழையின் மீனென்று சொல்லப்படுகின்றன. ஆட்டக்காரனின் கண்ணுக்கு அவை விலையுயர்ந்த மீனிலும் உகந்தவை.

மூன்றாவது, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் வேறுபாடின்றிப் பரிமாறுதல். வலைப்பந்தாடும் பெண்பிள்ளைக்கும் கண் உண்டு. மாதந்தோறும் இழக்கும் குருதிக்காக இரும்புச்சத்தும் அவளுக்கு மிகுதியாக வேண்டும்.

நான்காவது, அடையாளங்களை அறிதல். பொழுதுபட்டதும் பிள்ளை தட்டித் தடவி நடந்தாலும், வெள்ளை விழியிற் சவர்க்கார நுரைபோன்ற புள்ளி தெரிந்தாலும் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும். அப்புள்ளியை 1863இல் விவரித்தவர் பீற்றோ என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இந்நிலையில் வைத்தியர் தரும் மருந்து விரைவிற் குணம் தரும். காலந் தாழ்த்திக் கருவிழி புண்பட்டால் பார்வை மீளாது.

ஐந்தாவது, எளிய சோதனையொன்று. சுவரில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு இருபதடி தூரத்தில் பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். பின் மற்றக் கண். ஒரு கண்ணால் வாசிப்பதை மற்றதால் வாசிக்க இயலாவிடினும், வீட்டிலுள்ள பிறர் வாசிப்பதை அவன் வாசிக்க இயலாவிடினும் கண் வைத்தியரை நாடுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை மறிக்காது அனுப்பிவையுங்கள்.

இவற்றோடு ஒரு நற்செய்தியையும் சொல்லவேண்டும். சிறுவயதில் வெளியிடத்தில், பகலொளியில் நெடுநேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறதெனச் சீனாவிலும் தாய்வானிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. படிப்புக் கெடுமென்று பிள்ளைகளை மைதானத்துக்கு விடாத பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. உணவு கண்ணைக் காப்பதுபோல், பகலாட்டமும் ஓரளவு கண்ணைக் காக்கிறது.

அந்த மாணவன் கண்ணாடி அணிந்து முதன்முறை மைதானத்துக்கு வந்த மாலையை நாம் மறக்கவில்லை. கண்ணாடி விழாதபடி பின்புறம் நாடாவாற் கட்டியிருந்தான். பந்து உயர எழுந்தது. அண்ணாந்து பார்த்தவன் அதனைத் தவறவிட்டான். நாம் திகைத்து, "ஏன், இன்னும் தெரியவில்லையா?" என்று கேட்டோம். "தெரியுது சேர். பந்தில் தையல்கூடத் தெரியுது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்" என்றான். அன்று எவரும் சிரிக்கவில்லை. அவனுடைய தாயார் இன்றும் பொன்னாங்கண்ணியை விடவில்லையென அறிகிறோம். அவர் செய்வதும் சரியே. கீரை அடுக்களையில் இருக்கட்டும், கண்ணாடி மூக்கில் இருக்கட்டும். எது எதற்கு மருந்து என்பதை அறிந்து செய்வதே பெரியோராகிய எமது கடமை. பந்தைத் தவறவிடும் பிள்ளையைக் கண்டிக்குமுன், அவன் என்ன உண்டான், அவனுக்கு என்ன தெரிகிறது என்ற இரண்டையும் கேட்டறிவோமாக.